இடப்பக்கத்து நாற்காலி

பம்மலில் போய் சித்திகா வீடு எது என்று கேட்டால், எந்த சித்திகா என்று திருப்பிக் கேட்பார்கள். 'எழுதற சித்திகா' என்று சொல்லிவிட்டால் போதும், டீக்கடைக்காரரே வழி காட்டிவிடுவார். தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் கோடியில் ஒரு மாடி வீடு. கீழே அவள் புருஷன் நசீருதீனின் செருப்புப் பட்டறை, மேலே குடித்தனம். பசையும் தோலும் கலந்து அடிக்கிற நாற்றத்தில் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். சித்திகாவுக்கு அது பழகி ரொம்ப நாளாகிவிட்டது.

கண் தெரியாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அவர்கள் சொல்லச் சொல்ல இவள் எழுத வேண்டும், அவ்வளவுதான். இதிலென்ன பெரிய வித்தை என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. எதிரில் இருப்பவன் தப்பாகச் சொல்வான், சரியான பதில் உங்கள் நாக்கு நுனியில் நிற்கும், கை துடிக்கும். துடிக்கிற கையை அடக்கிக்கொண்டு, அவன் சொன்ன தப்பை அப்படியே, அழகான கையெழுத்தில் எழுத வேண்டும். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது மோசடி. சித்திகா அதில் கெட்டிக்காரி. "காது கேக்கணும், கை எழுதணும், நடுவுல நான் இருக்கக் கூடாது" என்பாள். உண்மையாகவே அவள் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டால் அங்கே சித்திகா என்று ஒருத்தி இருக்க மாட்டாள். காலி வீடுதான். கதவு மட்டும் திறந்திருக்கும்.

"ஊர்ல கீற பரீட்சையெல்லாம் எழுதிட்டே, இன்னும் ஒண்ணுலயாவது பாஸ் பண்ணியா நீ?" என்று நசீருதீன் கிண்டல் பண்ணுவான். அவளும் சிரிப்பாள். கிண்டல்தான் என்றாலும், மனைவி பேரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

இரண்டாயிரத்து ஆறில் தாம்பரம் பக்கத்து இறையியல் கல்லூரி ஒன்றிலிருந்து அவளைத் தேடிக்கொண்டு ஆள் வந்தது. கண் தெரியாத ஒரு போதகர் எம்.டி.எச். பரீட்சை எழுத வேண்டும், இறையியலில் மேல்பட்டம். அந்தப் படிப்பின் சட்டதிட்டங்களைக் கேட்டால் தலை சுற்றும். ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, அதற்கு மேல் நாலு பேப்பர். நாலிலும் தனித்தனியாகப் பாதி மார்க்காவது வாங்க வேண்டும். பேர் பதிந்த ஐந்தாம் வருஷத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். தவறினால் தவறியதுதான். இதெல்லாம் போதாதென்று, எழுதிக் கொடுக்கிறவருக்கு இறையியல் தெரிந்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு.

அந்த நிபந்தனையில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஆய்வேடு முடிந்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து, எழுத ஆள் கிடைக்காமல் வருஷக்கணக்காக நாலு பேப்பரும் அப்படியே நின்றன. அவருக்குத் தெரிந்தவர்களெல்லாம் சபைக்காரர்கள். ஒருத்தர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, ஒருத்தர் போதகரின் மகள், இன்னொருத்தர் வேதபாடத்தில் பதக்கம் வாங்கியவர். எல்லாரும் தகுதி இல்லாதவர்கள். கடைசியில் பம்மலில் ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, கல்லூரிக்காரர்களுக்கு உயிர் வந்தது. தெரியாது என்பதற்காகவே தன்னைத் தேடிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை என்று சித்திகா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"இன்னாமே, பாதிரியார் பரீட்சைக்கா போற? ஜமாத்துல கேட்டா இன்னா சொல்லுவே?" என்றான் நசீருதீன்.

"எழுதறது கை, ஓதறது வாய். ரெண்டையும் போட்டுக் குழப்பாத. அந்த மனுஷனுக்கு இதான் கடைசி வருஷமாம்."

கடைசி வருஷம் என்பதன் பாரம் முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போதகர் அருமைநாயகம் ஐயா ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன வேதாகமப் பள்ளியில் ஆசிரியர். ஐம்பது தாண்டிய, ஒல்லியான, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். முப்பது வயதுக்கு மேல் கண்ணில் நீர் அழுத்தம் ஏறி இரண்டு கண்ணும் போய்விட்டன. எம்.டி.எச். இல்லாதவர்கள் இனி அங்கே பாடம் நடத்தக் கூடாது என்று நிர்வாகம் முடிவு பண்ணிவிட்டது. பாஸானால் வேலை உண்டு, குடியிருக்கிற வீடும் உண்டு. இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும். இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. "நிலைமை இதுதாம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல" என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

மற்ற மாணவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மரங்களுக்கு நடுவே பழைய கட்டடத்தில் தனி அறை கொடுத்திருந்தார்கள். மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. வாசலில் ஸ்டூல் போட்டு மேற்பார்வைக்குத் தட்சிணாமூர்த்தி சார் உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான தலைமையாசிரியர், சட்டம் பேசுகிற ஆசாமி.

"இன்னொரு நாற்காலி வேணும் சார். என் இடது கைப் பக்கம் போட்டுடுங்க" என்றார் அருமைநாயகம் ஐயா.

"ரெண்டு பேர்தானே உள்ள இருக்கணும்? மூணாவது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சார். காலியாத்தான் இருக்கும். இருந்தா எனக்கு நல்லது."

தட்சிணாமூர்த்தி சார் சட்டத்தில் நாற்காலிக்குத் தடை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

முதல் பேப்பர் ஆரம்பமானது. அடேயப்பா! மனிதர் பேசவில்லை, கொட்டினார். கேள்வியைச் சித்திகா வாசித்த மாத்திரத்தில் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். யாரோ சொல்வதைக் கேட்கிற பாவனை. அடுத்த நொடி பக்கம் பக்கமாக வரும். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதுகூடப் பிசகாது. சித்திகாவின் கை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், தீர்க்கதரிசிகளைப் பற்றிய ஒரு நீண்ட வாக்கியத்தின் பாதியில், அதே குரலில், அதே வேகத்தில் சொன்னார்: "இருங்க, பால் பொங்குது."

சித்திகா அதையும் எழுதினாள்.

அவர் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. "அதை எழுதிட்டீங்களா?"

"நீங்க சொன்னா எழுதணும், ஐயா. அடிக்கச் சொன்னா அடிக்கறேன்."

"அடிச்சுடுங்க." பிறகு சத்தமில்லாமல் சிரித்தார். "என் வீட்டம்மா குரல் அது. சுகிர்தான்னு பேரு. எனக்குப் பாடம் எல்லாம் அவதான் படிச்சுக் காட்டுவா. சமையல் ஒரு பக்கம், புஸ்தகம் ஒரு பக்கம். பால் பொங்கினா எழுந்து போவா, வந்து விட்ட இடத்துலேர்ந்து படிப்பா. எனக்குப் புஸ்தகம், பால், குக்கர் விசில் எல்லாம் ஒண்ணாத்தான் மனசுல ஏறியிருக்கு. பிரிக்கத் தெரியல."

"அவங்க வரலியா ஐயா?"

"போன வருஷம் இறந்துட்டாம்மா."

சித்திகா வாய்க்குள் துஆ சொன்னாள். மூன்றாவது நாற்காலி யாருக்கு என்பது புரிந்துவிட்டது.

வெளியே வரும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். நாலாவது பேப்பருக்கு உரிய புத்தகத்தில் சுகிர்தா பாதிதான் படித்திருந்தாள். மீதிப் பாதியை அவர் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்துக் காட்ட வந்தார்கள், பக்கத்து வீட்டு டீச்சர் வந்தார்கள். யார் படித்தும் ஏறவில்லை. "வேற குரல்ல கேட்டா தண்ணி மேல எழுதின மாதிரி போயிடுதும்மா. பாதி புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு எப்படியாவது பாஸ் மார்க் தேத்திடணும்" என்றார்.

இரண்டாவது பேப்பரில் ஒன்றும் குறையில்லை. சர்ச் சரித்திரம் அது. ஆனால் நடுவில் சித்திகாவின் காதுக்கு ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தாள் புரட்டுகிற சத்தம். அவள் முன்னால் இருப்பது விடைத்தாள் ஒன்றுதான், அதை அவள் புரட்டவில்லை. அவர் கையில் ஒன்றுமில்லை. காற்றில் வெளியே சருகு உருளுகிறது என்று நினைத்துக்கொண்டாள். சருகுக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது? ஒரு பக்கம் எழுதும் நேரத்துக்கு ஒரு தடவை, சரியாக, விரல் நுனியை எச்சில் தொட்டுப் புரட்டுகிற மாதிரி வந்தது. சித்திகா தலையை நிமிர்த்தவே இல்லை. எழுதும்போது நிமிர்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

மூன்றாவது பேப்பரில் கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. மதிய வெயில், சுற்றி மரங்கள், கூப்பிடு தூரத்தில் அடுப்பு என்று ஒன்று கிடையாது. அருமைநாயகம் ஐயாவின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்தார், இவள் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று தட்சிணாமூர்த்தி சார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரும்மா அது? உள்ள இன்னொரு லேடி குரல் கேட்டுதே?"

அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை வாசலிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது நசீருதீன் கேட்டான்: "உனக்கு எப்ப இருமல் வந்துது?"

"எனக்கு எங்க இருமல்?"

"வந்ததுலேர்ந்து இருமிக்கினே கீறியே. ரெண்டு தடவை சின்னதா, அப்புறம் ஒண்ணு பெருசா. தோல் தூசு ஒத்துக்கலியா?"

சித்திகாவுக்குத் தான் இருமியதே தெரியாது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பயமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். நாலாவது பேப்பருக்குப் போக வேண்டாம் என்றுகூட நினைத்தாள். போகாவிட்டால் அந்த மனிதரின் கதி என்ன? இந்தக் கடைசி நேரத்தில் இறையியல் தெரியாத இன்னொருத்திக்கு எங்கே போவார்? ஓதிக்கொண்டு படுத்தாள், விடிந்ததும் ஓதிக்கொண்டே கிளம்பினாள்.

நாலாவது பேப்பரில் ஐந்து கேள்வி. முதல் இரண்டும் புத்தகத்தின் முன்பாதி. அதை முடிக்க அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. மூன்றாவதை சித்திகா வாசித்தாள்.

"மரித்தவர்கள், உயிர்த்தெழும் நாள் வரைக்கும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறார்கள்? விளக்குக."

அவர் தலையை இடப்பக்கம் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. நாலாவது, ஐந்தாவது கேள்விகளை வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். எல்லாம் பின்பாதி.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நான் கேட்டதில்ல. ரெண்டு பதிலுக்குப் பாஸ் மார்க் வராது." கையை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

சித்திகா பேனாவைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் இன்னும் யோசிக்கலாம், ஒரு வரியாவது சொல்லலாம். அவள் எப்போதும் செய்கிறபடி பேனா முனையைக் காகிதத்தில் வைத்து, தன்னை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். தூரத்தில் மின்சார ரயில் ஒன்று போயிற்று. அதன் சத்தம் அடங்கியதும் குரல் வந்தது. அவள் எழுத ஆரம்பித்தாள்.

எவ்வளவு நேரம் எழுதினாள் என்று அவளுக்குத் தெரியாது. வாக்கியங்கள் நிதானமாக வந்தன. நடுவில் இருமல் வந்தது, சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. தாள் புரண்டது. சொல்லப்பட்டதை எல்லாம் அவள் கை வாங்கிக்கொண்டது. ஒரு தாள் நிறைந்து, அடுத்த தாளை எடுக்க நிமிர்ந்தபோது எதேச்சையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் வாய் மூடியிருந்தது. குரல் நிற்கவில்லை.

யா அல்லா! அவள் உடம்பில் இருந்த ரோமமெல்லாம் எழுந்து நின்றது. ஆனால் கை நின்றதா? இல்லையே! அது பாட்டுக்குப் புதுத் தாளை இழுத்துப் போட்டு எழுதிக்கொண்டு போயிற்று. அருமைநாயகம் ஐயா அசையாமல், எதுவும் கேட்காதவராக, தோற்றுப்போன முகத்துடன் உட்கார்ந்திருந்தார். குரல் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நாற்காலி காலிதான். பிரம்பு மட்டும் நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. முன்னாலேயே அப்படித்தான் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஒருவழியாகக் குரல் நின்றது. கையும் நின்றது. மூன்று கேள்விக்கும் பதில் முழுசாக இருந்தது.

பரீட்சை முடிய இன்னும் நேரம் இருந்தது. சித்திகா விடைத்தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதி முடித்ததும் முழுவதையும் மாணவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டு கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். 'இவர் வாயால் சொன்னதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை' என்று இவள் கையெழுத்துப் போட வேண்டும்.

வாசிக்காமல் விட்டால்? தட்சிணாமூர்த்தி சார் எட்டத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "முதல் ரெண்டு பதிலைப் படிச்சுட்டேன், அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? விரலைப் பிடித்து வைத்தால் வைக்கப் போகிறார். பாஸாகிவிடுவார், வேலையும் வீடும் தங்கும். ஒரே ஒரு பொய்க் கையெழுத்து, அதுவும் தனக்காக இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாத சித்திகா அந்த ஐந்து பதில்களையும் அப்படியே மூடிக் கொடுத்துவிடத்தான் பார்த்தாள். மூடப் போகும்போது மூன்றாவது பதிலின் முதல் வரி கண்ணில் பட்டது. எழுதும்போது அவள் அங்கே இல்லையே, இப்போதுதான் அதைப் படிக்கிறாள். படித்ததும், இதை இந்த மனிதரிடம் மறைப்பது எந்தப் பொய்யையும்விடப் பெரிய பாவம் என்று தோன்றிவிட்டது.

"ஐயா," என்றாள். "மூணாவது கேள்விக்கு என் கை எழுதியிருக்கு. நீங்க சொல்லல. ஒரு பொம்பளக் குரல் சொல்லுச்சு. பயப்படாதீங்க, படிக்கட்டுமா?"

அவர் தலையை அசைத்தார்.

சித்திகா படித்தாள்: "அடுப்பை அணைச்சுட்டேங்க. எங்க விட்டேன்?"

அருமைநாயகம் ஐயாவின் கைகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்குக் காலையில படிச்சுக்கிட்டிருந்தாம்மா. வண்டலூர் ஜூவுல சிங்கம் கத்தறது எங்க வீடு வரைக்கும் கேக்கும். அன்னிக்கும் கேட்டுது. பாதி வரியில, 'இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்'னு எழுந்து போனா. வரல. கூப்பிட்டேன், பதில் இல்ல. கடைக்குப் போயிருப்பா, பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டிருப்பான்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். சமையல் ரூம்ல கீழ கிடந்திருக்கா. நான் எட்டு வெச்சா தொட்டுடற தூரம். கருகின வாசனை வந்தப்புறந்தான் எழுந்து போனேன்."

சித்திகாவுக்குக் கண்ணை மறைத்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்: "ஐயா, இன்னும் நேரம் இருக்கு. நான் ஒவ்வொரு வரியா படிக்கறேன். நீங்க கேட்டுட்டு உங்க வாயால சொல்லுங்க, புதுத் தாள்ல எழுதறேன். அப்ப அது உங்க பதில். நானும் பொய் சொல்ல வேணாம். நீங்க பாஸாயிடுவீங்க ஐயா!"

அவர் அதை யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது, வேலையும் வீடும் ஆயிற்றே.

"ஒவ்வொரு வரியாவா?" என்றார். "நிறுத்தி நிறுத்திப் படிச்சா அவ மறுபடியும் பாதியில போயிடுவாம்மா. நிறுத்தாமப் படிங்க."

"நேரம் போயிடும் ஐயா."

"போகட்டும். படிங்க."

சித்திகா படித்தாள். இரண்டு பாரா தாண்டியதும் அது தன் குரலாக இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. வாக்கியத்தின் முடிவில் லேசாக இறங்கி, ஒரு இழுப்பு இழுத்து, அடுத்ததை எடுக்கிற குரல் அது. இருமல் வந்தது, சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. இந்தத் தடவை அவள் பயப்படவில்லை. அவளுக்குள் அந்தக் காலி வீட்டுக் கதவு எப்போதும்போலத் திறந்திருந்தது, அவ்வளவுதான். அருமைநாயகம் ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பெரியவர்கள் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. தூங்குகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். காத்திருக்கிறார்கள் என்று சிலர். நமக்குச் சொல்லப்படவில்லை என்று சிலர்.

கடைசித் தாளின் கடைசி வரி: "அவ்வளவுதாங்க. புஸ்தகம் முடிஞ்சுது. உங்களுக்குப் பசிச்சிருக்கும்."

"இல்ல சுகிர்தா," என்றார் அவர், இடப்பக்கமாகத் திரும்பி. "பசிக்கல."

மணி அடித்தது. தட்சிணாமூர்த்தி சார் எழுந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அந்த மூணு பதிலையும் அடிச்சுடுங்கம்மா" என்றார் அருமைநாயகம் ஐயா. "நான் சொன்னது இல்ல அது."

சித்திகா ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ஒரே ஒரு கோடு போட்டாள். எழுத்து தெரிகிற மாதிரி, இலேசாக. அவர் கட்டைவிரலை வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். பொய் எதுவும் இல்லாத கையெழுத்து. கிளம்பும்போது அவர் இடக்கையை நீட்டி நாற்காலியின் பிரம்பைத் தடவிப் பார்த்தார்.

"இதை எடுத்துடுங்க சார்" என்றார் தட்சிணாமூர்த்தி சாரிடம். "இனிமே வேணாம்."

முடிவு வந்தபோது நாலாவது பேப்பரில் ஃபெயில். ஐந்து வருஷமும் முடிந்துவிட்டது, இனிப் பட்டம் இல்லை. சித்திகாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பகல் வேளையில் ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரயிலில் ஊரப்பாக்கம் போய் இறங்கினாள். வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டியிருந்தது. அருமைநாயகம் ஐயா தனியாகத்தான் இருந்தார்.

"என்னாலதான் ஐயா" என்றாள், வாசலிலேயே. "நான் வாசிக்காம விட்டிருந்தா இந்த மூட்டையெல்லாம் கட்ட வேண்டியிருக்காது."

"உள்ள வாங்கம்மா மொதல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சபையில கூப்பிட்டிருக்காங்க. பட்டம் கேக்கல, பிரசங்கம் பண்ணினாப் போதுமாம்." நாற்காலியைத் தடவி அவளுக்கு நகர்த்திப் போட்டார். "பாஸாயிருந்தா வேலை இருந்திருக்கும். புஸ்தகம் பாதியிலதான் நின்னிருக்கும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உக்காருங்க, டீ போட்டுட்டு வந்துடறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாத்திரம் வைக்கிற சத்தம், அடுப்பு பற்றுகிற சத்தம். அதற்கப்புறம் எதுவும் இல்லை. சித்திகா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எதிர்ச் சுவரில் சுகிர்தாவின் படம் மாலையோடு மாட்டியிருந்தது, வட்ட முகம், கனத்த கண்ணாடி. உள்ளே இன்னும் சத்தமில்லை. பால் காய்கிற வாசனை வந்தது.

"ஐயா?"

பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்க நாலு எட்டுகூட ஆகாது, ஆனால் கால் எழவில்லை. போய்ப் பார்த்து அங்கே அவர் கீழே கிடந்தால்? போகாமல் இங்கேயே உட்கார்ந்திருந்தால் கிடக்க மாட்டார், டீ போட்டுக்கொண்டுதான் இருப்பார் என்று மனசு பைத்தியக்காரத்தனமாக ஒரு கணக்குப் போட்டது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற கதவையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. இரண்டு டம்ளரைத் தட்டில் வைத்து, அடி மேல் அடி வைத்து அருமைநாயகம் ஐயா வந்தார்.

"வந்துட்டேம்மா" என்றார். "கூப்பிட்டீங்களா? அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கிட்டிருந்துது, சரியாக் கேக்கல."

சித்திகாவுக்கு அடக்கி வைத்த அழுகை சத்தமாகவே வந்துவிட்டது. அவர் தட்டை அப்படியே பிடித்தபடி நின்றார்.

"பயந்துட்டீங்களா?" என்றார். "நானும் அன்னிக்கு இப்படியேதாம்மா உக்காந்திருந்தேன்."

அவள் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.